அக்கி எங்கிருந்து வருகிறது?

கேள்வி சுருக்கமாக இது: "அம்மாவுக்கு 63 வயது. நான்கு நாளாக வலது விலாவில் எரிச்சல். நேற்று அதே இடத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்துவிட்டது. அக்கி என்கிறார்கள். உடம்புச் சூடு, கோழிக்கறி, யாரோ கண் வைத்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உண்மையில் எதனால் வருகிறது? வேளார் (குயவர்) வீட்டுக்குப் போய் அக்கி எழுதலாமா? வீட்டில் ஒன்றரை வயதுப் பேத்தி இருக்கிறாள், தங்கை ஆறு மாதக் கர்ப்பம். ஒட்டிக்கொள்ளுமா?"

பதில் நீளமாகப் போகும். அதற்கு முன் ஒன்று. கொப்புளம் தெரிந்து ஒரு நாள்தான் ஆகிறது என்கிறீர்கள். இதை அப்படியே வைத்துவிட்டு, அம்மாவை இன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவதுதான் நல்லது. காரணத்தை நாளைக்கும் படித்துக்கொள்ளலாம்.

காட்டிவிட்டு வந்தாயிற்றா? சரி, இப்போது அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். சின்ன வயதில் அம்மை போட்டதா? அநேகமாக ஒரு கதை வரும். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது போட்டது, வேப்பிலையில் படுக்க வைத்தார்கள், மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வாசலைத் தாண்ட விட்டார்கள் என்று. நான் முப்பது வருடமாகத் தோல் நோய் பார்க்கிறேன். அக்கி வந்த பெரியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இந்தக் கதையைச் சொல்வார்கள். மீதி இரண்டு பேருக்கு மறந்திருக்கும், அல்லது நாலு கொப்புளத்தோடு லேசாக வந்து போயிருக்கும்.

அந்த அம்மைதான் இந்த அக்கி. உவமைக்காகச் சொல்லவில்லை. அதே வைரஸ். இரண்டையும் சேர்த்தே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: வேரிசெல்லா சோஸ்டர். வேரிசெல்லா என்றால் சின்னம்மை, சோஸ்டர் என்றால் அக்கி. (பெரியம்மை வேறு வைரஸ். அது ஒழிந்தே போயிற்று. அதற்கும் இதற்கும் உறவில்லை.)

சின்னம்மை வரும்போது கொப்புளத்தில் இருக்கும் வைரஸ் தோலில் வந்து முடியும் நரம்பு நுனிகளுக்குள் நுழைகிறது. அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி ஏறி, முதுகெலும்பின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்கிறது. முகத்து உணர்வுக்குரிய முடிச்சு மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது, அங்கேயும் போகிறது. ரத்தத்தின் வழியாகவும் ஒரு பங்கு போய்ச் சேருகிறது என்பதற்குச் சான்று உண்டு. பத்துப் பதினைந்து நாளில் தோலில் இருந்த அம்மை உதிர்ந்துவிடும். முடிச்சுக்குள் போனது போகாது. அந்த நரம்புச் செல்லுக்குள் ஒரு மரபணுத் துண்டாகச் சுருண்டு கிடக்கும். பெருகாது, செல்லைக் கொல்லாது, சாதாரண ரத்தப் பரிசோதனை எதிலும் தன்னைக் காட்டிக்கொடுக்காது.

வயல் வேலை தெரிந்தவர்களுக்குக் கோரை தெரியும். மேலே எத்தனை முறை களை எடுத்தாலும் அடியில் கிழங்கு கிடக்கும். காடு வெயிலில் காய்ந்து வெடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, நேரம் பார்த்து முளைக்கும். சின்னம்மை வந்த ஒவ்வொருவர் உடம்பிலும் இப்படி ஒரு கிழங்கு உண்டு. உங்கள் அம்மாவுக்கு அது முளைத்திருக்கிறது. எனக்கும் அடியில் கிடக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் அக்கியின் விநோதங்கள் ஒவ்வொன்றாக அவிழும். ஏன் ஒரு பக்கம் மட்டும் வருகிறது? ஒவ்வொரு நரம்பு முடிச்சுக்கும் தோலில் ஒரு பட்டை பாத்தியதை. வலது விலாவுக்கு உரிய முடிச்சில் விழித்தால் வலது விலாவில்தான் வரும், நடுக்கோட்டோடு நின்றுவிடும். முதுகுத்தண்டில் தொடங்கி அக்குளுக்கடியில் சுற்றி மார்பு நடுவில் சட்டென்று முடியும் அந்தக் கோட்டைப் பார்த்தால் அளவுகோல் வைத்து வரைந்தது போல இருக்கும். 1900இல் இங்கிலாந்தில் ஹென்றி ஹெட், கேம்பல் என்ற இருவர், அக்கி வந்திருந்து பிறகு இறந்தவர்கள் 21 பேரின் உடலைத் திறந்து பார்த்தார்கள். கொப்புளம் இருந்த பட்டைக்கு நேரான முடிச்சில் வீக்கமும் ரத்தக் கசிவும் வடுவும் இருந்தன. தோலில் எந்தப் பட்டை எந்த நரம்புக்கு உரியது என்ற வரைபடத்தையே அவர்கள் அக்கியை வைத்துத்தான் வரைந்தார்கள். நோயே பென்சில் பிடித்து வரைந்து கொடுத்த படம்.

அந்தப் பட்டை வடிவம் எல்லா ஊர்க்காரர்களின் கண்ணிலும் பட்டிருக்கிறது. சோஸ்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு இடுப்புக் கச்சை என்று பொருள். இந்தி பேசும் ஊர்களில் இதைப் பூணூல் என்றே சொல்கிறார்கள், ஜனேவு. கன்னடத்தில் சர்ப்ப சுத்து, பாம்பு சுற்றியது. நம் முன்னோர் வடிவத்தை விட்டுவிட்டு எரிச்சலைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கி என்ற சொல் அக்கினியோடு சேர்ந்தது. அனுபவித்தவர்களைக் கேட்டால் நம் பெயர்தான் பொருத்தம் என்பார்கள்.

பாம்பைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கொப்புளம் உடம்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் தொட்டுக்கொண்டால் உயிர் போய்விடும் என்று ஒரு பயம் பல ஊர்களில் உண்டு. உங்கள் அம்மா காதிலும் இந்நேரம் யாராவது ஓதியிருப்பார்கள். ஒரு பக்கத்து முடிச்சு இன்னொரு பக்கத்துப் பட்டைக்குப் போகாது என்பதால், தலையும் வாலும் தொடுவது சாதாரணமாக நடக்காது. எதிர்ப்புச் சக்தி மிக மோசமாகப் போனவர்களுக்கு அபூர்வமாக இரு பக்கமும் வரலாம், உடம்பெல்லாம் பரவலாம். அங்கே ஆபத்து அந்த அடிப்படை நோயில் இருக்கிறது. கோடு சேர்ந்ததில் இல்லை.

ஏன் முதலில் எரிச்சல், அப்புறம் கொப்புளம்? வைரஸ் முதலில் பெருகுவது முடிச்சில். பிறகு நரம்பு வழியாக இறங்கித் தோலுக்கு வருகிறது. வருகிற வழியெல்லாம் நரம்பைப் புண்ணாக்கிக்கொண்டே வருவதால், தோலில் ஒன்றுமே இல்லாத இரண்டு மூன்று நாளும் வலிதான் இருக்கும். சட்டை பட்டாலே தீப்பட்டது மாதிரி. இந்த இடைவெளியில் நடக்கிற கூத்துக்கு அளவில்லை. இடது மார்பு என்றால் ஈசிஜி, வலது விலா என்றால் பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன், இடுப்பு என்றால் சிறுநீரகக் கல், தாடை என்றால் பல் டாக்டர். நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு, மறுநாள் கன்னத்தில் கொப்புளத்தோடு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது, அந்த நாளில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அம்மையும் அக்கியும் ஒன்று என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்குப் பிடித்த கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புடாபெஸ்டில் யானோஷ் போக்காய் என்ற குழந்தை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். வீட்டில் பெரியவருக்கு அக்கி வருகிறது, இரண்டு வாரத்தில் அதே வீட்டுக் குழந்தைக்குச் சின்னம்மை வருகிறது. ஒருமுறை என்றால் தற்செயல், பலமுறை நடந்தால்? 1920களில் குண்ட்ராட்டிட்ஸ் என்பவர் அக்கிக் கொப்புளத்து நீரை எடுத்துக் குழந்தைகளுக்குக் குத்திப் பார்த்தார். சின்னம்மை வந்தது. (இன்றைக்கு அப்படிச் செய்தால் ஜெயிலில் போடுவார்கள், போடவும் வேண்டும்.) 1950களில் அமெரிக்காவில் தாமஸ் வெல்லர் இரண்டு நோயிலிருந்தும் வைரஸைப் பிரித்து வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினார்.

அப்போதும் ஒரு கேள்வி பாக்கி. அக்கி வந்தவருக்கு வைரஸ் புதிதாக வெளியிலிருந்து வந்ததா, பழையதே விழித்ததா? இதற்கு விடை சொன்னவர் பெரிய ஆராய்ச்சிக் கூடத்துக்காரர் இல்லை, கிராமத்துப் பக்கத்து டாக்டர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூர். அங்கே சுமார் 3,500 பேரைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்ப டாக்டர் எட்கர் ஹோப் சிம்ப்சன். 1947இலிருந்து 16 வருடம், தன்னிடம் வந்த அக்கி நோயாளி ஒவ்வொருவரையும் குறித்து வைத்தார். மொத்தம் 192 பேர். சின்னம்மை ஊரில் அலையாக வந்து போனது, அக்கியோ அந்த அலைக்குக் கட்டுப்படாமல் வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வந்தது. வெளியிலிருந்து ஒட்டுகிற நோய் அப்படி நடந்துகொள்ளாது. அதோடு விடாமல், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தில் யெல் என்ற ஒதுங்கிய தீவுக்குப் போய் விசாரித்தார். சின்னம்மை எட்டிப் பார்க்காத காலத்திலும் அங்கே வயதானவர்களுக்கு அக்கி வந்துகொண்டிருந்தது. சின்ன ஊர்களில் சின்னம்மை அற்றுப் போகாமல் இருக்கும் வழியே இதுதான் என்று அவருக்குப் பட்டது: ஒரு தலைமுறையின் அம்மை தாத்தா பாட்டி நரம்பில் ஒளிந்திருந்து, அக்கியாக எழுந்து, பேரப்பிள்ளைகளுக்கு மறுபடி அம்மையாகிறது.

அவர் இன்னொன்றும் கவனித்தார். சின்னம்மை எங்கே அடர்த்தியாகப் போடுகிறதோ, அதாவது மார்பு, முதுகு, முகம், அங்கேதான் பிற்காலத்தில் அக்கியும் அதிகம் வருகிறது. கை கால் நுனியில் அம்மையும் குறைவு, அக்கியும் குறைவு. 1965இல் இதையெல்லாம் எழுதி வெளியிட்டார். 1984இல் ஒரே நோயாளியின் சின்னம்மையிலிருந்தும் அவருக்கே பின்னால் வந்த அக்கியிலிருந்தும் வைரஸை எடுத்து மரபணுவை வெட்டி ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றே. ஹோப் சிம்ப்சன் நோட்டுப் புத்தகத்தை வைத்துச் சொன்னது ஆய்வுக்கூடத்தில் உறுதியாயிற்று.

ஆக, கிழங்கு எங்கிருந்து வந்தது என்பது முடிந்தது. நீங்கள் கேட்க நினைத்தது அடுத்ததுதான் என்று நினைக்கிறேன்: ஐம்பது வருடம் சும்மா கிடந்தது இப்போது ஏன் முளைத்தது?

அதைப் பெரும்பாலும் அமுக்கி வைத்திருப்பது டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் புரதம், அதாவது ஆன்டிபாடி, இங்கே முக்கியக் காவலாளி இல்லை. பிறவியிலேயே அந்தப் புரதம் உண்டாக்க முடியாதவர்களுக்குக்கூட அக்கி அப்படி ஒன்றும் கூடுதலாக வருவதில்லை. டி செல் குறைந்தவர்களுக்குத்தான் வருகிறது. வயதாக ஆக முடி நரைப்பது மாதிரி இந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்களின் வேகமும் குறைகிறது. அதனால்தான் காரணங்களில் முதல் இடம் வயதுக்கு. ஹோப் சிம்ப்சனின் கணக்கில் எல்லா வயதையும் சேர்த்து வருடத்துக்கு ஆயிரத்துக்கு 3.4 பேர், 80 வயதைத் தாண்டியவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 10 பேர். அமெரிக்கக் கணக்குப்படி வாழ்நாளில் மூன்றில் ஒருவருக்கு வருகிறது. 85 வயது வரை இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைப் பார்த்துவிடுகிறார்கள். 50 வயதிலிருந்து ஏறத் தொடங்கும் கோடு இது. உங்கள் அம்மா 63. பெரும்பாலும் இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

வயதாகாதவர்களுக்கு வந்தால் கொஞ்சம் நின்று யோசிப்போம். இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதற்குப் பிந்தைய வருடங்களில் எங்கள் தலைமுறைக்குச் சீனியர்கள் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, முப்பது வயது ஆளுக்கு அக்கி வந்தால் ரத்தம் பார்க்காமல் அனுப்பாதே என்பது. எச்ஐவி குறி வைத்துக் குறைப்பது டி செல்லைத்தான் என்பதால், மற்ற அறிகுறிகளுக்கு முன்பே அக்கி வந்து கதவைத் தட்டும். இளைஞருக்கு அக்கி என்றாலே எச்ஐவி என்று இதைப் புரிந்துகொண்டு யாரும் பயப்பட வேண்டாம். இருபதிலும் முப்பதிலும் ஒரு காரணமும் இல்லாமல் வருவது நிறைய. டாக்டர் பரிசோதனைக்கு எழுதினால் சங்கடப்படாமல் செய்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று, கீமோதெரபி, சிறுநீரக மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று என்று டி செல்லைக் கீழே தள்ளும் எதுவும் இந்த வரிசையில் வரும். மூட்டு வாதத்துக்குத் தரும் சில புது மாத்திரைகளில், டோஃபாசிட்டினிப் போன்றவற்றில், இது தெரிந்த பக்க விளைவு. நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது ஸ்டீராய்டு. மூட்டு வலிக்கு, ஆஸ்துமாவுக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொள்கிறார்கள். பெயர் ஒட்டாத பொட்டல மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் நடக்கிறது. அம்மா அப்படி ஏதாவது சாப்பிடுகிறாரா என்று விசாரியுங்கள். சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை நோய், நுரையீரல் நோய், சிறுநீரக நோய், முடக்குவாதம் எல்லாம் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்று அதிகம். அப்பா அம்மாவுக்கு வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் சற்று அதிகம். அடிபட்ட இடத்தில் சில வாரங்களுக்குள் வருவதும் உண்டு.

குழந்தைகளுக்குக்கூட வரும். தாய் கர்ப்பமாக இருக்கும்போது சின்னம்மை கண்டிருந்தாலோ, குழந்தைக்கே ஒரு வயதுக்குள் கண்டிருந்தாலோ, அந்த வயதில் டி செல் சரியாகப் பழகியிருக்காது. மூன்று நான்கு வயதில் அக்கி வரலாம். பெரும்பாலும் லேசாகப் போய்விடும்.

மன உளைச்சலைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். மகள் கல்யாண அலைச்சல், வீட்டில் ஒரு சாவு, அப்புறம் அக்கி. கேட்டால் எல்லார் கதையிலும் ஏதாவது ஒரு கவலை இருக்கும். கவலை இல்லாத 60 வயது எங்கே இருக்கிறது? பழைய சிறு ஆய்வுகள் சில ஆமாம் என்றன. பெரிய மருத்துவப் பதிவேடுகளை வைத்து, துணையை இழந்தவர்களுக்கு அக்கி கூடுகிறதா என்று பார்த்தபோது தெளிவான உயர்வு தெரியவில்லை. ஆனால் நாசா செய்த ஒரு வேலை சுவாரசியமானது. விண்வெளிக்குப் போய் வந்த ஆரோக்கியமான வீரர்களின் எச்சிலைப் பயணத்துக்கு முன்னும் நடுவிலும் பின்னும் பார்த்தார்கள். பயணத்தின்போதும் திரும்பிய பிறகும் எச்சிலில் இந்த வைரஸின் மரபணு தென்பட்டது. அவர்களுக்குக் கொப்புளமும் இல்லை, வலியும் இல்லை. கிழங்கு அவ்வப்போது முளை விடுகிறது, காவல் உடனே கிள்ளிவிடுகிறது என்பது இதன் அர்த்தம். கிள்ளத் தவறிய ஒரு முறையைத்தான் அக்கி என்கிறோம். அதனால் கவலை அழுத்திய வாரத்தில் காவல் அசந்திருக்கலாம் என்பதை நான் மறுப்பதில்லை. ஏதோ ஒரு சண்டையால்தான் அம்மாவுக்கு அக்கி வந்தது என்று வீட்டில் யார் மேலாவது பழி போடும் அளவுக்கு அதில் சான்று இல்லை.

சூடு? கொப்புளம் எரிகிறது, அதனால் சூடு என்று உடம்பே சொல்வதாகத் தோன்றுகிறது. நரம்பு வீங்கினால் எரியும், அது வெயிலின் வேலை இல்லை. ஹோப் சிம்ப்சன் பார்த்தது குளிரும் மழையுமான இங்கிலாந்து. ஷெட்லாந்தில் வெயில் அடித்தால்தான் செய்தி. அங்கேயும் அக்கி வந்தது. கோழி, மாம்பழம், கத்திரிக்காய், கருவாடு எதுவும் இந்த வைரஸை எழுப்புவதாகத் தெரியவில்லை. நோயில் கிடக்கும் வயதானவருக்குப் பத்தியம் என்று கஞ்சியும் உப்பில்லாத சோறும் கொடுத்து, முட்டையையும் பருப்பையும் நிறுத்துகிற வழக்கம் எனக்குக் கோபம் வரவழைக்கும். அம்மாவுக்குப் பிடித்ததைக் கொடுங்கள். சர்க்கரை இருந்தால் அதற்குரிய கட்டுப்பாடு மட்டும் போதும்.

இதற்கு நேர் எதிராக, அக்கி வராமல் காப்பது எது என்று பார்த்தால் ஒரு விசித்திரம். சின்னம்மை வந்த குழந்தையோடு இருப்பது. ஹோப் சிம்ப்சனே ஊகித்தார்: அம்மை வந்த பிள்ளைகளைக் கவனிக்கும்போது பெரியவரின் காவல் படை எதிரியைத் திரும்பப் பார்த்துச் சுதாரித்துக்கொள்கிறது என்று. 2020இல் பிரிட்டனில் வந்த ஆய்வு ஒன்றில், வீட்டுக் குழந்தைக்குச் சின்னம்மை வந்த பெரியவர்களுக்கு அடுத்த இருபது வருடம் வரை அக்கி வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் பிரான்சில் உலகத்தோடு ஒட்டாமல் மடத்துக்குள்ளேயே வாழும் துறவிகளையும் கன்னியாஸ்திரிகளையும் விசாரித்தபோது, குழந்தைகளையே பார்க்காத அவர்களுக்கு அக்கி அதிகமாக ஒன்றும் இல்லை. ஆக, உதவுகிறது, ஆனால் அதுவே எல்லாம் இல்லை. இந்தக் காரணம் காட்டியே பிரிட்டன் வெகுகாலம் எல்லாக் குழந்தைகளுக்கும் சின்னம்மைத் தடுப்பூசி போடத் தயங்கியது. 2023இல்தான் அந்நாட்டின் தடுப்பூசிக் குழு போடலாம் என்று பரிந்துரைத்தது.

நம் பக்கத்துக்கு உரிய ஒன்று இருக்கிறது. தடுப்பூசி இல்லாத இடத்தில், குளிர் நாடுகளில் பத்து வயதுக்குள்ளேயே பெரும்பாலான குழந்தைகளுக்குச் சின்னம்மை வந்து போய்விடும். வெப்ப நாடுகளில் அது தள்ளிப் போகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கல்லூரி வயதில், கல்யாணமான பிறகுகூடப் பலருக்கு முதல் முறை வருகிறது. இலங்கையில் கொப்புளிப்பான் என்பது இதைத்தான். சின்ன வயதில் வராமல் லண்டனுக்கோ டொரண்டோவுக்கோ போய், அங்கே பிள்ளையின் பள்ளியிலிருந்து வாங்கிக்கொண்டு முப்பது வயதில் படுக்கையில் விழுந்தவர்கள் உங்கள் உறவிலேயே இருக்கலாம். எப்போது வந்தாலும் கிழங்கு தங்கிவிடும்.

எல்லாக் கொப்புளமும் அக்கி இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், நம் ஊரில் அந்தச் சொல்லுக்குள் நிறைய அடைத்து வைத்திருக்கிறோம். காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரம் வருவது அம்மை வைரஸின் பங்காளியான வேறொரு வைரஸ். மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் சிவப்பும் கறுப்புமான சின்னப் பூச்சி ஒன்று உண்டு, எறும்பு மாதிரி நீளமாக இருக்கும். தூக்கத்தில் அதைக் கழுத்தில் வைத்துத் தேய்த்துவிட்டால் அதன் சாறு பட்டுக் கோடாக வெந்துவிடும். காலையில் எழுந்தால் எரிச்சல், கோடு, கொப்புளம். வீட்டில் அக்கி என்பார்கள். அது வெறும் பூச்சிச் சாறு, வைரஸே இல்லை. அம்மாவுக்கு நான்கு நாள் முன்பே வலி வந்து, கொத்தாகக் கொப்புளம் வந்திருப்பதால் இந்தச் சந்தேகம் எனக்கு எழவில்லை.

அக்கி எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். நானே எழுதிக்கொண்டவன். பத்து வயதில் ஆச்சி கையைப் பிடித்து வேளார் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். திண்ணையில் உட்கார வைத்து, செங்காவியைக் குழைத்து, இறகால் தொட்டுக் கொப்புளத்தின் மேல் எழுதினார். சிங்க உருவம் எழுதுவார்கள் என்று சொல்வார்கள், என் முதுகில் என்ன எழுதினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? குளிர்ச்சியாக இருந்தது, அது மட்டும் ஞாபகம். மூன்று நாள் போனோம், ஆறிவிட்டது. (இப்போது யோசித்தால் எனக்கு வந்தது அந்தப் பூச்சியாகத்தான் இருக்கும்.) அக்கியும் தானாகவே ஏழு முதல் பத்து நாளில் பொருக்குக் கட்டி, இரண்டு முதல் நான்கு வாரத்தில் உதிர்ந்துவிடுகிற நோய். எழுதினாலும் உதிரும், எழுதாவிட்டாலும் உதிரும். காவி நரம்பு முடிச்சுக்குப் போகாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் அந்த மூன்று நாள். மூன்று நாள் என்பது 72 மணி நேரம். மாத்திரை தொடங்க வேண்டிய நேரம் முழுவதும் திண்ணையில் போய்விடும்.

அந்த மாத்திரையைப் பற்றி நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம், கொப்புளம் ஆறிய பிறகும் வலி ஆறாமல் போவது. மூன்று மாதம் தாண்டியும் அதே இடம் எரிந்துகொண்டிருக்கும், சேலைத் தலைப்பு பட்டால்கூட உயிர் போகும். வயது கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடும். எசைக்ளோவிர் என்றால் பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து முறை, ஏழு நாள். வாலாசைக்ளோவிர் என்றால் ஒரு கிராம், நாளுக்கு மூன்று முறை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அதனால் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். மாத்திரை கொப்புளத்தைச் சீக்கிரம் அடக்கும், கடுமையான வலியைக் குறைக்கும். பிந்திய வலியை முழுக்கத் தடுக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. வலிக்குத் தனி மருந்து உண்டு, பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. யாருக்காவது நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றே கண் டாக்டர். காதில் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அன்றே ஓட வேண்டும்.

அப்பா இருக்கிறாரா, நீங்கள் ஐம்பதைத் தொடுகிறீர்களா? தடுப்பூசி உண்டு. ஷிங்ரிக்ஸ் என்ற பெயரில் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு ஊசி, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. 50 வயது தாண்டியவர்களிடம் நடந்த முக்கியச் சோதனையில் 97 சதவீதம் தடுத்தது. விலை அதிகம், அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுவதில்லை. அம்மாவும் இது முழுக்க ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் அக்கி இரண்டாம் முறையும் வரும்.

கடைசியாகப் பேத்தியும் தங்கையும். அக்கி அக்கியாக ஒட்டாது. அம்மாவின் கொப்புள நீரில் இருப்பது சின்னம்மை வைரஸ் என்பதால், இதுவரை அம்மை வராத, ஊசியும் போடாத ஒருவர் அதைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். பேத்தியின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். சின்னம்மை ஊசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியாகப் போட்டிருந்தால்தான் அட்டையில் இருக்கும். இல்லையென்றால் குழந்தை டாக்டரிடம் இன்றே கேளுங்கள், தொட்ட சில நாளுக்குள் போட்டாலும் பலன் உண்டு. தங்கைக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருந்தால் கவலை இல்லை. வந்ததா என்று தெரியவில்லை என்றால், அவரைப் பார்க்கும் மகப்பேறு டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். கர்ப்பத்தில் அந்த ஊசி போடக்கூடாது.

அதுவரை அம்மா கொப்புளத்தைச் சுத்தமான துணியால் மூடி, மேலே தளர்வான ரவிக்கை போட்டுக்கொள்ளட்டும். துண்டும் படுக்கை விரிப்பும் தனி. கையை அடிக்கடி சோப்பில் கழுவச் சொல்லுங்கள். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகிவிட்டால் ஒட்டாது. அப்புறம் பேத்தியை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம், வலிக்கிற பக்கம் படாமல்.